தீட்டுப்பட்ட கொடி

கர்னல் ட்ரோசல்பெர்க்கின் பட்டாளத்தில் மானத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. ரொட்டிக்குப் பஞ்சம், காலணிக்குப் பஞ்சம், வெர்ரா ஆற்றங்கரையின் அந்தப் பிப்ரவரிக் குளிரில் விறகுக்கும் பஞ்சம். சண்டை தொடங்கி இருபத்திரண்டு வருஷமாகியிருந்தது. எந்தக் கட்சிக்காக அடித்துக்கொள்கிறோம் என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோய்விட்டது. ஆனால் யார் மானமுள்ளவன், யார் மானங்கெட்டவன் என்று கேட்டால் கடைசி வரிசைச் சிப்பாய்கூடத் தூக்கத்திலும் பிசகாமல் சொல்லிவிடுவான்.

விதி சுலபமானது. தூக்குமரம் தீட்டு. அதன் கயிறு தீட்டு, ஏணி தீட்டு, அதில் தொங்குகிற பிணம் தீட்டு. தொட்டவன் அந்த நிமிஷமே மானங்கெட்டவன். அவனைத் தொட்டவனுக்கும் ஒட்டிக்கொள்ளும், அவனோடு ஒரே கிண்ணத்தில் குடித்தவனுக்கும் ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் தூக்குமரத்தை யார் நட்டது என்று கேட்கிறீர்களா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். முரசு முழங்க, முதல் ஆணியில் கர்னல் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு நானூறு பேரும் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டினார்கள். எல்லோருக்கும் பட்ட தீட்டு யாருக்கும் பட்ட தீட்டாகாது என்று பட்டாள நீதிபதி ஃபபெர் விளக்கம் சொன்னார். அன்று மாலையிலிருந்து அது மறுபடியும் தீட்டு.

பட்டாளத்தில் நிரந்தரமாகத் தீட்டுப்பட்டவர் ஒரே ஒருவர்தான். தூக்குமேஸ்திரி ஓட்மார். முகாமின் கோடியில் தனிக் கொட்டகை, தனி முக்காலி, மூடியில்லாத கிண்ணம். முப்பது வருஷமாக அவரோடு கைகுலுக்கியவர்கள் அத்தனை பேரும் அதற்குப் பிறகு ஐந்து நிமிஷத்துக்குமேல் உயிரோடு இருந்ததில்லை.

நம்முடைய அஸ்முஸ் இந்தப் பட்டாளத்தில் சேர்ந்தவன் இல்லை, வண்டியோடு வந்தவன். அவனும் அவன் அண்ணன் யோஸ்டும் ஹாசல்பாக் கிராமத்தில் பார வண்டி ஓட்டிப் பிழைத்தவர்கள். கர்னலுக்கு வண்டி தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார். வண்டிக்குக் குதிரை வேண்டுமே, அதையும் எடுத்துக்கொண்டார். குதிரைக்குப் பழகிய கை வேண்டுமே, அண்ணன் தம்பி இருவரையும் எடுத்துக்கொண்டார். போகிறபோது ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். வீட்டு நினைப்பு வந்து பையன்கள் வாடக் கூடாது பாருங்கள், அதற்காக என்றார் கர்னல். குதிரையைக் கிறிஸ்துமஸுக்குத் தின்றுவிட்டார்கள். சகோதரர்கள் மிச்சம்.

ஜனவரி மாதம் ஒருநாள் காலையில் கர்னலின் சமையல்கட்டிலிருந்து புகைபோட்ட பன்றித்தொடை ஒன்று காணாமல் போனது. தொடையின் எலும்பு கர்னலின் வேட்டைநாய் சுல்தானின் வாயில் இருந்தது. நானூறு பேர் பார்த்தார்கள். கர்னலின் நாய் கர்னலின் குடும்பத்தைச் சேர்ந்தது, குடும்பத்தின்மேல் குற்றம் சுமத்துவது ராஜத்துரோகம் என்று நீதிபதி ஃபபெர் தீர்ப்புச் சொன்னார். ஆகவே அன்று சமையல்கட்டு வாசலில் காவல் நின்ற மூன்று பேருக்கும் தூக்கு. அதில் ஒருவன் யோஸ்ட்.

தூக்குமரத்தடியில் கர்னல் பேசினார். மனுஷன் பேசும்போது கண்கலங்கினார், சும்மா சொல்லக்கூடாது.

"பிள்ளைகளா, நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. மூணு பேரையும் தொங்கவிடுன்னு சட்டம் சொல்லுது. எனக்கு மனசு வரல. ஒருத்தன் போதும். எவன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா பாரபட்சம் ஆயிடும். பகடை சொல்லட்டும். கம்மியா விழுந்தவன் தொங்குவான், மத்த ரெண்டு பேரும் என் இரக்கத்துல பொழச்சுக்கலாம். செத்தவனும் என்னை வாழ்த்தணும். ஏன்னா அவன் செத்தது அவன் கையால, என் கையால இல்ல."

முரசைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் இரண்டு பகடைகளை உருட்டினார்கள். ஒருவனுக்கு எட்டு. ஒருவனுக்கு ஆறு. யோஸ்டுக்கு மூன்று. அவன் பகடையைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், பிறகு தம்பியைப் பார்த்தான்.

"டேய் அஸ்முஸ், காக்காய்க்கு என்னை விட்டுடாதடா. எப்பாடு பட்டாவது மண்ணுல போட்டுடு."

அஸ்முஸ் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் அவனுக்கு ஒரு சத்தியம்.

மறுநாளே நீதிபதியிடம் போனான், அண்ணனை இறக்கித் தரச் சொல்லி ஒரு மனுவோடு. மனுவில் தூக்கிலிடப்பட்டவன் பெயர் இருந்ததால் நீதிபதி அதை அடுப்பு இடுக்கியால் வாங்கினார். முழுவதும் படித்தார், புத்தகத்தைப் புரட்டினார், உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"தொங்கவிடறதுக்கு விதி இருக்குப்பா. இறக்கறதுக்கு இல்ல. தானா விழுற வரைக்கும் தொங்க வேண்டியதுதான். கயிறு நல்ல கயிறு, நானே சோதிச்சு வாங்கினது."

எவ்வளவு நாள் ஆகும் என்று அஸ்முஸ் கேட்டான். வசந்தம் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது என்றார் நீதிபதி. அங்கிருந்து பட்டாளப் பாதிரியாரிடம் ஓடினான். ஆத்மா ஆண்டவரின் இலாகா, உடம்பு கர்னலின் இலாகா, ஒருத்தர் இலாகாவில் இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது என்று பாதிரியார் பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

கடைசியில் கர்னலிடமே போய்க் குல்லாயைக் கழற்றி நின்றான். கர்னல் காலை ஆகாரத்தில் இருந்தார். பிணம் தொங்கினால்தான் பட்டாளம் நிமிர்ந்து நிற்கும் என்று வாயில் முட்டையோடு அருளினார். பிறகு, நீதான் அந்தத் தொடைத் திருடனின் தம்பியா என்று விசாரித்து, அவனுக்கு ஒரு வேலையும் போட்டுக் கொடுத்தார். அந்தத் தொடையைத் தின்றதிலிருந்து சுல்தானுக்கு வயிறு சரியில்லையாம். தினமும் காலையில் ஒருமணி நேரம் நடத்திக்கொண்டு போக வேண்டும். முகாமைச் சுற்றி, தூக்குமரம் வழியாக.

அஸ்முஸ் பதினெட்டு நாள் நாயை நடத்தினான். பதினெட்டு நாளும் அண்ணன் தலைக்குமேல் தொங்கினான், காக்கைகள் வந்துபோய்க்கொண்டிருந்தன. கண்களை முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டன. அஸ்முஸ் மந்தபுத்திக்காரன் என்று பட்டாளத்தில் பெயர். எதையும் இரண்டு தடவை கேட்பான், கேட்டதை அப்படியே நம்புவான். ஆனால் வயிற்றெரிச்சல் புத்திக்குக் காத்திருப்பதில்லை. கர்னல் நாசமாய்ப் போக வேண்டும் என்று காலை ஜெபத்தில் ஒருதடவை, மாலை ஜெபத்தில் ஒருதடவை, நாய் குந்துகிற இடத்தில் எல்லாம் ஒருதடவை வேண்டிக்கொண்டான்.

பத்தொன்பதாம் நாள் பட்டப்பகலில், பட்டாளம் மொத்தமும் அணிவகுத்து நின்றபோது, அவன் நாயை மரத்தடியில் கட்டினான், ஏணியைச் சாத்தினான், ஏறினான், கயிற்றை அறுத்தான். அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு அணிவகுப்புக்கு முன்னாலேயே நடந்து போனான். நானூறு பேரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். ஓட்மார் மேஸ்திரி கொட்டகையின் கதவைத் திறந்துவிட்டார். வைக்கோலின்மேல் யோஸ்டைக் கிடத்தினார்கள். பூமி இரும்பாய் உறைந்து கிடப்பதால் இப்போதைக்குக் குழி தோண்ட முடியாது என்றார் மேஸ்திரி. தவிர, சுற்றுவதற்கு ஒரு துணியாவது வேண்டும். முகாமில் போர்த்திக்கொள்ளவே துணி இல்லை.

"இந்தக் கிண்ணத்துல குடிப்பியா?" என்று மேஸ்திரி கேட்டார். அஸ்முஸ் குடித்தான். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினார்.

அவனைக் கைதுசெய்ய ஆறு பேர் வந்தார்கள். பதினைந்து அடி தள்ளி நின்று, "வாடா" என்று கூப்பிட்டார்கள். "வந்து புடிங்க" என்று அஸ்முஸ் வெள்ளந்தியாகக் கையை நீட்டினான். ஆறு பேரும் பின்னால் நகர்ந்தார்கள். ஒருவன் ஈட்டியால் தள்ளிப் பார்த்தான். தீட்டு மரக்காம்பு வழியாக ஏறுமா என்ற கேள்வி எழுந்தது. நீதிபதி ஒரு மத்தியானம் முழுக்க ஆராய்ந்து, ஏழு அடிவரை ஏறும் என்று கண்டுபிடித்தார். ஈட்டி ஆறரை அடி. ஈட்டியை ஆற்றில் போட்டார்கள். பிடித்திருந்தவன் அழுதுகொண்டே ஓட்மாரின் கொட்டகையைத் தாண்டிக் காட்டுக்குள் போனவன்தான், ஆள் திரும்பவில்லை. உள்ளதைச் சொன்னால், ஊருக்கு ஓட நல்ல வழி கிடைத்தது என்று அவனுக்குச் சந்தோஷம்.

சுட்டுத் தள்ளுங்கள் என்று கர்னல் கத்தினார். நீதிபதி தலையைச் சொறிந்தார். துப்பாக்கிச் சாவு மானமுள்ள சாவு, மானமுள்ளவனுக்கு மட்டும்தான் உண்டு. இவனுக்குக் கொடுத்தால் இதுவரை அப்படிச் செத்தவர்களுக்கெல்லாம் அவமானம். அப்படியானால் மேஸ்திரி தொங்கவிடட்டும். அது முடியும், ஆனால் தீர்ப்பு வேண்டும். தீர்ப்புக்கு விசாரணை வேண்டும், விசாரணைக்குக் குற்றவாளி விலங்கோடு நிற்க வேண்டும், விலங்கை மானமுள்ள காவலர்கள்தான் பூட்ட வேண்டும். மேஸ்திரி தீர்ப்புக்கு அப்புறம்தான் தொடலாம்.

அஸ்முஸுக்கு விஷயம் மெல்ல மெல்லப் புலப்பட்டது. கர்னலின் சமையல்கட்டுக்கு நடந்தான். சமையற்காரர்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். சட்டியில் கொதித்துக்கொண்டிருந்த முட்டைக்கோஸையும் தொத்திறைச்சியையும் நிதானமாகத் தின்றான், மேஸ்திரிக்கும் கொஞ்சம் கட்டிக்கொண்டான். சுல்தான் வந்து அவன் விரலை நக்கிவிட்டு, ஓடிப்போய்க் கர்னலின் முகத்தை நக்கியது. முகாமே மூச்சை நிறுத்தியது. நாய் வழியாகத் தீட்டு ஏறாது என்று நீதிபதி உடனே தீர்ப்பளித்தார், அதிலும் அந்த நாய் வழியாக ஏறவே ஏறாது.

நான்காவது நாள் நீதிபதி புத்தகத்தோடு கர்னலிடம் ஓடினார். கண்டுபிடித்துவிட்டார். பட்டாளத்தின் கொடியை மானங்கெட்டவன் தலைக்குமேல் மூன்று தடவை வீசினால் அவன் மறுபடியும் மானமுள்ளவன் ஆகிவிடுவான். பழைய வழக்கம், எல்லாப் பட்டாளத்திலும் உண்டு. அவனை மானமுள்ளவனாக்கி, மானத்தோடு கைதுசெய்து, மானத்தோடு விசாரித்து, அப்புறம் தொங்கவிட்டுவிடலாம். கர்னல் நீதிபதியைக் கட்டிக்கொண்டார்.

சடங்குக்கு அஸ்முஸைத் தயார்செய்யும் பொறுப்பு பாதிரியாருக்கு. இருபது அடி தள்ளி நின்றுகொண்டு, எப்படி மண்டியிட வேண்டும், எப்போது ஆமென் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்.

"மூணாவது வீச்சு முடியற வரைக்கும் கையத் தூக்கிராதடா. கொடியில பட்டுச்சுன்னா கொடியே தீட்டாயிடும். அப்புறம் அதைச் சுத்தம் பண்ண எந்தக் கொடி இருக்கு?"

"மூணாவதுக்கு முன்னாடி தொடக் கூடாது" என்று அஸ்முஸ் திருப்பிச் சொன்னான். "நன்றி சொல்ல கர்னல் துரை காலைக் கட்டிக்கலாமா சாமி?"

"அதுவும் மூணாவதுக்கு அப்புறம்தான். முன்னாடின்னா அவருக்கும் ஒட்டிக்கும்."

"முன்னாடின்னா ஒட்டிக்கும்" என்றான் அஸ்முஸ். வழக்கம்போல இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். பையன் எவ்வளவு சிரத்தையாய்க் கேட்கிறான் என்று பாதிரியார் போய்ச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

ஞாயிறு காலை பட்டாளம் வளையமாக நின்றது. வளையத்துக்கு நடுவில் அஸ்முஸ். அவனுக்கு மூன்று அடி தள்ளிக் கொடிக்காரர் ருப்ரெஷ்ட், முழங்கால் வாதத்தில் இருபது வருஷம் ஊறிய ஆசாமி. அவர் கையில் மஞ்சள் பட்டுக்கொடி, அதில் ஒரு கறுப்புக் குருவியும் 'மானமே உயிர்' என்ற வாசகமும். பக்கத்தில் கர்னல். மன்னிக்கிறவர் வெறுங்கையோடு நிற்க வேண்டும் என்பது முறை என்பதால் வாளையும் கையுறையையும் கழற்றிப் பணியாளிடம் கொடுத்திருந்தார்.

"இந்தப் பய என்ன செஞ்சான்னு எல்லாருக்கும் தெரியும்" என்று கர்னல் ஆரம்பித்தார். "அவனுக்கு நான் மானத்தைத் திருப்பித் தர்றேன். மானம்ங்கிறது பொறப்புல வர்றது இல்ல, நடத்தையில வர்றது இல்ல, சம்பாதிக்கிறதும் இல்ல. நான் குடுத்தா வரும், நான் எடுத்தா போகும். நாளைக்கே இவன் உயிரையும் எடுக்கப்போறேன், அது வேற விஷயம்."

ருப்ரெஷ்ட் கொடியை ஒருதடவை வீசினார். ஆமென் என்றது பட்டாளம். இரண்டாம் தடவை வீசினார், முழங்கால் நொடித்தது, சமாளித்துக்கொண்டார். ஆமென்.

மூன்றாவது வீச்சு தலைக்குமேல் வந்தபோது அஸ்முஸ் எழுந்து நின்றான். இரண்டு கையாலும் பட்டுக்கொடியைப் பிடித்து இழுத்தான். தீட்டு கம்பில் ஏறிவரும் முன்னே ருப்ரெஷ்ட் கையை விட்டுவிட்டுப் பனியில் உட்கார்ந்தார். கொடி அஸ்முஸின்மேல் சரிந்தது. அதைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, கண்ணீர் வழிய நடந்துபோய்க் கர்னலின் கால்களைக் கட்டிக்கொண்டான். அதோடு விடவில்லை. எழுந்து இரண்டு கன்னத்திலும் சத்தமாக முத்தம் கொடுத்தான்.

"ரொம்ப நன்றி துரை" என்றான். "உங்க இரக்கத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

நானூறு பேர் மூன்றடி பின்னால் போனார்கள். அந்தப் பட்டாளம் ஒரே நேரத்தில் ஒரே காலை எடுத்துவைத்தது அதுதான் முதல் தடவை.

கர்னல் வாளைக் கேட்டார். பணியாள் வாளோடு ஓடிப்போனான். சுடு என்றார். யாரும் அசையவில்லை. எல்லோரும் நீதிபதியைப் பார்த்தார்கள். நீதிபதி கூட்டத்துக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"மானங்கெட்டவர் வாயில வர்ற உத்தரவு, உத்தரவு ஆகாது துரை. மன்னிக்கணும், துரைன்னும் இனிமே கூப்பிட முடியாது."

"கொடியை வீசுடா என் தலைமேல!"

"எந்தக் கொடியை?" என்று நீதிபதி பணிவாகக் கேட்டார்.

அரைமணி நேரத்தில் துணைக் கர்னல் பொறுப்பேற்றார். கர்னலின் வீட்டுக்குக் குடிவந்தார், சமையல்கட்டையும் எடுத்துக்கொண்டார். அடுத்த பட்டாளத்திலிருந்து கொடி இரவல் வாங்கலாமே என்று பாதிரியார் ஞாபகப்படுத்தியபோது, ரோடு சரியில்லை, கோடைகாலத்தில் பார்க்கலாம் என்றார். ட்ரோசல்பெர்க் தன் வீட்டுக் கதவைத் தட்டினார், உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டார்கள். சமையல்கட்டுக்குப் போனார், கொதிநீரை ஊற்றினார்கள். சுல்தானைக் கூப்பிட்டார். நாய் ஜன்னலருகே உட்கார்ந்து புது எஜமானின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் ஓட்மாரின் கொட்டகை வாசலில் நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் அவர் நுழையக்கூடிய கூரை அது ஒன்றுதான். உள்ளே அடுப்பில் கஞ்சி கொதித்தது. வைக்கோலின்மேல் யோஸ்ட், மஞ்சள் பட்டில் தலையிலிருந்து கால்வரை சுற்றப்பட்டுக் கிடந்தான்.

"இங்க சாப்பிடணும்னா வேலை செய்யணும்" என்றார் மேஸ்திரி. "இவனுக்குக் குழி வெட்டணும். மேல் மண்ணுல தீ மூட்டி இளக்கி வெச்சிருக்கேன். அதுக்குக் கீழ வெட்டித்தான் ஆகணும்."

அஸ்முஸ் மூலையிலிருந்த முரசை உருட்டி வந்து கவிழ்த்தான். தூக்குமரத்தடியில் தீட்டுப்பட்டுப் போனதால் யாரும் திருப்பிக் கேட்காத அதே முரசு. அதன்மேல் இரண்டு பகடைகளை வைத்தான்.

"நான் கல்நெஞ்சக்காரன் இல்ல துரை" என்றான். குரலில் ஒரு கேலியும் இல்லை, கேட்டதைக் கேட்டபடி ஒப்பித்தான். "மூணு பேரும் வெட்ட வேண்டியது. எனக்கு மனசு வரல. ஒருத்தர் போதும். பகடை சொல்லட்டும்."

மேஸ்திரி உருட்டினார், ஏழு. அஸ்முஸ் உருட்டினான், ஐந்து. ட்ரோசல்பெர்க் உருட்டினார். பதினொன்று. அவருடைய தோள் நிமிர்ந்தது, பழைய கர்னல் ஒரு நொடி எட்டிப் பார்த்தார். கஞ்சிப் பக்கம் கையை நீட்டினார்.

அஸ்முஸ் மண்வெட்டியை அந்தக் கையில் வைத்தான்.

"நாய் தின்னதுக்கு எங்க அண்ணன் தொங்கினான். ஜெயிச்சதுக்கு நீங்க தோண்டுங்க."

"இது அநியாயம். இதுக்கு எந்த விதியும் இல்ல."

"விதியெல்லாம் மானமுள்ளவங்களுக்கு" என்றார் ஓட்மார் மேஸ்திரி, கஞ்சியைக் கிளறிக்கொண்டே.

சாயங்காலம்வரை தோண்டினார். இரண்டு கையும் கொப்புளம் உடைந்து மண்வெட்டிக் காம்பு சிவந்துபோனது. அஸ்முஸ் குழியோரத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நரி கிளறாத ஆழம் வேண்டும், காக்கைக்குத் தெரியாத ஆழம் வேண்டும். அந்த ஆளின் முதுகு வளைவதைப் பார்ப்பதற்காகவும் கொஞ்சம் ஆழம் வேண்டியிருந்தது. அதை அவன் மறைக்கவில்லை.

தம்பி தலைப்பக்கம் பிடித்தான், மேஸ்திரி கால்பக்கம் பிடித்தார். யோஸ்டை மெதுவாக இறக்கினார்கள். குருவி மேலே பார்த்தபடி பட்டு குழிக்குள் போனபோதுதான் ட்ரோசல்பெர்க்குக்கு உறைத்தது. குழியோரத்தில் மண்டியிட்டார். வியன்னாவில் பெரியவர்கள் இருக்கிறார்கள், பிஷப் இருக்கிறார், கொடி வெளியில் இருந்தால் என்றைக்காவது யாராவது அதைச் சுத்தம்செய்ய ஒரு வழி சொல்லுவார்கள், அப்புறம் தன்னையும் சுத்தம்செய்துகொள்ளலாம் என்று மன்றாடினார். அது மண்ணுக்குள் போய்விட்டால் தான் சாகும்வரை இப்படியே கிடக்க வேண்டியதுதான். துணியை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடு என்று அஸ்முஸின் காலைத் தொட்டார்.

அஸ்முஸ் கொஞ்சநேரம் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

"பொதைக்கறதுக்கு வழக்கம் இருக்கு துரை. எடுக்கறதுக்கு இல்ல" என்றான். "மண்ணைத் தள்ளுங்க."